கை பிடிக்கிறது, தோள் இறங்குகிறது

டபுள் எக்ஸ்எல் குர்தியைப் போட்டுப் பார்த்தால் மார்பில் பொருந்தும். தோள் தையலோ கைப்பக்கம் இறங்கி நிற்கும். மேற்கையில் துணி தடம் பதியும் அளவுக்குப் பிடிக்கும். த்ரீ எக்ஸ்எல் எடுத்தால் கை சரியாகிவிடும், ஆனால் கழுத்து அகன்று உள்ளாடைப் பட்டி வெளியே தெரியும். நாலைந்து உருப்படிகளைப் போட்டுப் பார்த்துவிட்டு ட்ரையல் ரூமிலிருந்து எதுவும் எடுக்காமல் வரும் பெண், பெரும்பாலும் தன் உடம்பைத்தான் நொந்துகொள்கிறார். குறை, துணியை வெட்டிய பேட்டர்னில் இருக்கிறது.

ரெடிமேட் தொழிலில் ஒரு டிசைனுக்கு முதலில் நடுத்தர சைஸ் ஒன்றில் பேட்டர்ன் போடுவார்கள். மற்ற சைஸ்கள் அதிலிருந்து கூட்டியும் குறைத்தும் வருபவை. இதற்கு கிரேடிங் என்று பெயர். மார்புக்கு இரண்டு அங்குலம் கூட்டினால் தோளுக்கு இவ்வளவு, கழுத்துக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு உண்டு. ஒன்றிரண்டு சைஸ் வரை அது நன்றாகவே வரும். அதற்கு மேல் பொய்த்துப்போகும். ஏனென்றால் உடம்பு பருக்கும்போது தோள் எலும்பு அகலுவதில்லை. சதை போடுவது மேற்கையிலும் மார்பிலும் வயிற்றிலும் இடுப்பிலும்தான்; அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். மார்பு எடுப்பானவருக்கு முன்பக்கத் துணி கூடுதல் நீளமாகவும் டார்ட் எனும் மடிப்புத் தையல் ஆழமாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குர்தியின் முன் விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கும். பெரிய சைஸ்களுக்கென்று தனி அடிப்படைப் பேட்டர்ன் போட்டு, அந்த உடல்வாகு உள்ள பெண்ணுக்கே அணிவித்துத் திருத்தினால்தான் இது சரியாகும்.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. லிதுவேனியாவிலிருந்து நியூயார்க்கில் குடியேறிய லேனா பிரயன்ட் என்ற தையல்காரப் பெண், 1904-இல் அங்கே கடை திறந்தார். கர்ப்பிணிகளுக்கான உடைகளால் பெயர் பெற்ற கடை அது. பருமனான பெண்களுக்குக் கடைகளில் உடையே கிடைப்பதில்லை என்று கண்டபோது, பொறியாளரான அவருடைய கணவர் ஆல்பர்ட் மால்சின் ஊகத்தில் இறங்கவில்லை. ஏறத்தாழ 4,500 வாடிக்கையாளர்களை அளந்தார்; காப்பீட்டு நிறுவனம் ஒன்றிடமிருந்து இரண்டு லட்சம் பெண்களின் அளவு விவரங்களையும் திரட்டினார். பருமனான உடல்வாகு ஒரே மாதிரியானதல்ல, அதிலேயே மூன்று வகை உண்டு என்று பிரித்து, அதன்படி தைத்தார்கள். 1923 வாக்கில் அவர்களுடைய ‘லேன் பிரயன்ட்’ நிறுவனத்தில் கர்ப்பகால உடைகளைவிட இந்த உடைகளே அதிகம் விற்றன. நூறாண்டுகளுக்கு முன்பு, கணினி இல்லாத காலத்தில், அளவு நாடாவைக் கொண்டு செய்த வேலை அது.

இங்கே நிலைமை என்ன? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். இந்திய அளவில் இது 24 சதவீதம். உடல்நலம் என்ற வகையில் இது கவலைக்குரிய எண்தான். ஆனால் எடை குறையும்வரை யாரும் உடுத்தாமல் இருக்க முடியாது. பத்தில் நான்கு பேரின் அளவை ‘ஸ்பெஷல் சைஸ்’ என்று கடைக்கோடி அலமாரிக்குத் தள்ளி, அதிலும் கறுப்பு, கருநீலம் என்று நிறம் காட்டுவது நியாயமே இல்லை.

புடவைக் காலத்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. அளவு ஜாக்கெட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் டெய்லர் அதைப் பார்த்துத் தைப்பார். உள்ளே துணி விட்டிருப்பார், உடம்பு போட்டால் பிரித்துவிடலாம். ரெடிமேட் குர்தியில் ஓவர்லாக் ஓரத்தை ஒட்டியே தையல் ஓடுகிறது. பிரிக்க இடமில்லை.

பெரிய சைஸுக்குத் துணி அதிகம் பிடிக்கும், தனிப் பேட்டர்னுக்குச் செலவாகும் என்கிறார்கள் உற்பத்தியாளர்கள். உண்மைதான். ஆனால் அளவு பொருந்தாமல் திரும்பி வரும் ஆன்லைன் பார்சல்களுக்கும், விற்காமல் தேங்கும் சரக்குக்கும் ஆகிற செலவை அந்தக் கணக்கில் அவர்கள் சேர்ப்பதில்லை.

இந்திய உடல்களுக்கென்று அளவு அட்டவணை உருவாக்க, நாடு முழுவதும் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் ‘இந்தியாசைஸ்’ திட்டத்தை நிஃப்ட் கல்வி நிறுவனம் கையில் எடுத்தது. நல்ல முயற்சி. ஆனாலும் அட்டவணைக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் திருப்பூருக்கு இல்லை. ஏற்றுமதி ஆர்டர் என்றால் ஒவ்வொரு சைஸுக்கும் தோள், அக்குள், மேற்கை, இடுப்பு என்று மெஷர்மென்ட் சார்ட் வருகிறது. எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற டாலரன்ஸும் அதிலேயே இருக்கிறது. செக்கிங் மேசையில் டேப் வைத்துப் பார்த்து, மீறிய பீஸைத் தள்ளிவிடுகிறார்கள். அதே கண்டிப்பை உள்ளூர்ச் சரக்குக்கும் கொண்டுவரலாம். முதல் வேலையாக, எக்ஸ்எல் என்ற எழுத்துகளோடு மார்பு, இடுப்பு, மேற்கைச் சுற்றளவுகளையும் அங்குலத்தில் லேபிளில் அச்சிடலாம். பெரும் செலவு வைக்காத இந்த மாற்றத்தை, வருகிற தீபாவளிச் சரக்கிலேயே தொடங்கிவிட முடியும்.