பேனாவுக்குச் சொந்தக் கருத்து கிடையாது

ஓலையும் எழுத்தாணியும் போய்க் காகிதமும் பேனாவும் வந்தன. பிறகு தட்டச்சு, பிறகு கணினி, இப்போது செயற்கை நுண்ணறிவு (ஏஐ). இதற்குப் போய் ஏன் இத்தனை பதற்றம் என்று கேட்பவர்கள் எழுத்துலகில் பெருகிவிட்டார்கள். அவர்களுடைய வாதத்தைப் பிரித்துப் பார்த்தால் மூன்று கூற்றுகள் தேறும். ஏஐ வெறும் கருவி என்பது ஒன்று. அது எழுத்தின் தரத்தை உயர்த்துகிறது, அதுவும் பயிற்சி குறைந்தவர்களுக்கே கூடுதலாகக் கைகொடுக்கிறது என்பது அடுத்தது. எதை வைப்பது, எதை நீக்குவது என்ற கடைசி முடிவு எப்படியும் எழுத்தாளர் கையில்தானே இருக்கிறது என்பது மூன்றாவது. மூன்றிலும் ஓரளவு உண்மை இருப்பதால்தான் இந்த வாதம் எடுபடுகிறது. அந்த உண்மையை ஒப்புக்கொண்டே இதை மறுக்கலாம்.

முதலில் கருவி என்ற பேச்சு. பார்வை இழந்த ஆங்கிலக் கவிஞர் மில்டன் தம் காவியத்தை வாயால் சொல்லிப் பிறரை எழுதவைத்தார். எழுதிய கை வேறொருவருடையது என்பதால் ஒரு வரிகூட அவருடையதாக இல்லாமல் போகவில்லை. தமிழில் நீச்சல்காரன் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழையைக் காட்டுகிறது, நாவி சந்திப்பிழையைக் காட்டுகிறது. ஒற்று மிகுமா மிகாதா என்று சொல்வதோடு அவற்றின் வேலை முடிந்தது. உங்கள் கதாநாயகி அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவை யோசனை சொல்வதில்லை. சாட்ஜிபிடி போன்றவற்றின் வேலை வேறு. மலைபோல் குவிந்த நூல்களிலும் இணையப் பக்கங்களிலும் பழகிய மொழி மாதிரி, இதுவரை வந்த சொற்களுக்குப் பின் எது வரக்கூடும் என்று கணக்கிட்டு அடுத்த சொல்லை வைக்கிறது. எழுதுபவரும் நாளெல்லாம் செய்வது இந்தத் தேர்வைத்தான். இரண்டாம் பத்தியில் முட்டிக்கொள்ளும்போதுதான் முதல் பத்தியில் சொன்னது தவறு என்று பல நேரம் பிடிபடும். முழு வரைவும் தயாராக வந்து நிற்கும்போது அந்த முட்டல் நேராது. நேராததால் தவறும் தெரியாது. பேனாவையும் இதையும் ஒரே வரிசையில் நிறுத்துபவர்கள் எழுதுவதைக் கைவேலையாக மட்டும் நினைக்கிறார்கள்.

தரம் பற்றிய கூற்றுக்கு ஆதாரம் உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. 2023இல் 'சயன்ஸ்' இதழில் எம்ஐடி ஆய்வாளர்கள் ஷாகட் நோய், விட்னி ஜாங் இருவரும் வெளியிட்ட சோதனையில், பட்டப்படிப்பு முடித்த பணியாளர்கள் சாட்ஜிபிடி துணையோடு எழுதியபோது நேரம் சுமார் 40 சதவீதம் குறைந்தது, தரம் சுமார் 18 சதவீதம் உயர்ந்தது. நன்றாக எழுதுபவருக்கும் சுமாராக எழுதுபவருக்கும் இருந்த இடைவெளியும் சுருங்கியது. ஆனால் அவர்கள் எழுதியவை செய்திக் குறிப்பு, சிறு அறிக்கை, அலுவலக மின்னஞ்சல் போன்றவை. ஓர் அறிக்கை இன்னோர் அறிக்கையைப் போல இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. கதைக்கும் கட்டுரைக்கும் அப்படி இல்லை. 2024இல் 'சயன்ஸ் அட்வான்சஸ்' இதழில் அனில் தோஷி, ஆலிவர் ஹவுசர் இருவரும் வெளியிட்ட ஆய்வு இதை நேராகச் சோதித்தது. சுமார் 300 பேர் எட்டு வாக்கியக் குட்டிக்கதை எழுதினார்கள். சிலருக்கு ஏஐ துணை இல்லை, சிலருக்கு ஒரு யோசனை, சிலருக்கு ஐந்து யோசனைகள் வரை. யோசனை பெற்றவர்களின் கதைகளை வாசகர்கள் மேலானவை என்று மதிப்பிட்டார்கள். கற்பனைத்திறன் குறைந்தவர்களுக்கே ஆதாயம் அதிகம். கதைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டபோது இன்னொன்றும் தெரிந்தது: ஏஐ துணையோடு எழுதப்பட்டவை ஒன்றையொன்று கூடுதலாக ஒத்திருந்தன. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொருவருக்கும் லாபம். மொத்தமாகப் பார்த்தால் இலக்கியத்துக்கு நட்டம். இந்த நட்டம் எந்த எழுத்தாளரின் கணக்கிலும் ஏறாது என்பதால், அவரவர் அனுபவத்தை வைத்து "எனக்கு உதவியது" என்று சொல்வது இதற்குப் பதிலாகாது.

ஒத்துப்போவது சரி, எதை நோக்கி ஒத்துப்போகிறது என்பதுதான் நம் கவலையாக இருக்க வேண்டும். கார்னெல் பல்கலைக்கழகத்தினர் 2025இல் வெளியிட்ட ஆய்வில் இந்தியர்களும் அமெரிக்கர்களுமாக 118 பேர், தங்களுக்குப் பிடித்த உணவு, பண்டிகை போன்றவை பற்றி ஆங்கிலத்தில் எழுதினார்கள். வாக்கியத்தை நிறைவுசெய்யும் ஏஐ பரிந்துரைகளோடு எழுதிய இந்தியர்களின் நடை அமெரிக்கர்களின் நடையை நோக்கி நகர்ந்தது. பிடித்த உணவு என்றதும் பீட்சா, பண்டிகை என்றதும் கிறிஸ்துமஸ். ஷாருக் கானை எழுத நினைத்து முதல் எழுத்தைத் தட்டினால் யாரோ ஓர் அமெரிக்கப் பிரபலத்தின் பெயர் வந்து நின்றது. பரிந்துரைகளை இந்தியர்களே அதிகம் ஏற்றார்கள், ஆனால் அவற்றைத் திருத்துவதிலேயே நேரம் போனதால் வேக ஆதாயம் அவர்களுக்குத்தான் குறைவு. எளியவருக்குக் கைகொடுக்கும் என்ற வாக்குறுதி இங்கே தலைகீழாகிறது. இதைத் தமிழுக்குப் பொருத்திப் பாருங்கள். கரிசல் வட்டாரச் சொற்களைத் தேடித்தேடித் தொகுத்து அகராதியே போட்டவர் கி. ராஜநாராயணன். அந்தச் சொற்களில் பல இணையத்தில் அரிதாகவே கிடைக்கும், எங்குமே கிடைக்காதவையும் உண்டு. அதிகம் புழங்கும் சொல்லையே முன்னால் வைக்கும் ஓர் இயந்திரத்துக்கு அவை கடைசித் தேர்வாகக்கூட வராது. அது தரும் தமிழ் பெரும்பாலும் இலக்கணப்படி சரியாகவே இருக்கும். எந்த ஊர்த் தமிழ் என்றுதான் சொல்ல முடியாது.

இனி, கடைசி முடிவு நம் கையில் என்ற கூற்று. மேலே சொன்ன எம்ஐடி சோதனையிலேயே பெரும்பாலோர் இயந்திரம் தந்ததைப் பெரிதாகத் திருத்தாமல் ஒப்படைத்தார்கள். 2025 மே மாதம் 'சிகாகோ சன்-டைம்ஸ்' நாளிதழின் இணைப்பில் கோடைகால வாசிப்புக்கென 15 நூல்களின் பட்டியல் வந்தது. அதில் 10 நூல்கள் உலகத்திலேயே இல்லாதவை. இசபெல் அயெந்தே எழுதாத நாவல் ஒன்றும் அவர் பெயரில் இருந்தது. பட்டியலை எழுதியவர், ஏஐயைப் பயன்படுத்தியதையும் சரிபார்க்காமல் விட்டதையும் ஒப்புக்கொண்டார். இதைத் தனிமனிதச் சோம்பல் என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் சரளமாக எழுதப்பட்ட ஒன்றைச் சந்தேகிப்பது, சந்தேகத்தோடு ஒன்றை எழுதுவதைவிடக் கடினம். சீவக சிந்தாமணியில் சமணக் கோட்பாடு விளங்காத இடங்களில் உ.வே. சாமிநாதையர் கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிப்போய்க் கேட்டுத் தெளிந்தார். 1887இல் பதிப்பு வெளிவந்தது. தெரியவில்லை என்ற இடம் கண்ணில் பட்டதால்தான் கேட்கத் தோன்றியது. இயந்திரம் அந்த இடத்தை ஒரு நல்ல வாக்கியத்தால் மூடிவிட்டுப் போகும். மூடிய இடத்தில் எழுத்தாளரின் கடைசி முடிவுக்கு வேலையே இல்லை.

அப்படியானால் ஜப்பானிய எழுத்தாளர் ரியே குதான் ஏஐ துணையோடு எப்படி எழுதினார் என்று கேட்பார்கள். 2024 ஜனவரியில் ஜப்பானின் அகுதகாவா விருது பெற்ற அவர், நாவலில் சுமார் 5 சதவீதம் சாட்ஜிபிடி தந்த வரிகள் அப்படியே இருப்பதாகச் சொன்னார். ஆனால் கதைக்குள் ஓர் ஏஐ பதில் பேசும் இடத்துக்காகவே அவற்றை எடுத்ததாகவும் பிறகு விளக்கினார். இயந்திரத்தை ஒரு பாத்திரமாகப் பேசவைத்த உத்தி அது. ஏஐ வெறும் கருவி என்ற வாதத்துக்கு அது உதவாது. கையால் எழுத இயலாதவர்கள் சொல்லி எழுதவைப்பதிலும், இரண்டாம் மொழியில் எழுதுபவர்கள் இலக்கணம் சரிபார்ப்பதிலும் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. எழுதுபவரின் சொல் அங்கே முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. இயந்திர எழுத்தைக் கண்டறியும் கண்டுபிடிப்பான்களை வைத்துப் பிடித்துவிடலாம் என்ற யோசனையையும் நான் ஏற்கவில்லை. 2023இல் வந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் அத்தகைய கண்டுபிடிப்பான்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் தாங்களே எழுதிய கட்டுரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை இயந்திர எழுத்து என்று தவறாகக் குற்றம்சாட்டின.

ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளர்கள் 2023இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து பெற்ற ஒப்பந்தத்தில் எளிமையான ஒரு விதி இருக்கிறது: எழுத்தாளரிடம் தரும் பிரதியில் ஏஐ உருவாக்கியது ஏதேனும் இருந்தால் தயாரிப்பு நிறுவனம் அதைச் சொல்லியாக வேண்டும். தமிழ் இதழ்களும் பதிப்பகங்களும் அதையே எழுத்தாளர்களிடம் கேட்கலாம். தடை வேண்டாம், வேவு பார்க்கவும் வேண்டாம். படைப்போடு ஒரு வரி சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்: எந்தப் பகுதி இயந்திரம் தந்தது, எந்தப் பகுதி தாம் எழுதியது. வெறும் கருவி என்று நம்புபவர்களுக்கு அந்த ஒரு வரியை எழுதுவதில் தயக்கம் இருக்கக் கூடாது.