மைக் வேண்டாம், பாய் போதும்: ரெய்னர்ஸ் லேன் தமிழருக்கு ஒரு வேண்டுகோள்



ரெய்னர்ஸ் லேன் நிலையத்தில் இறங்கி, அலெக்சாண்ட்ரா அவெனியூவில் மரக்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறவர்கள்தான் நாங்களும். கடை வாசலில் நின்று முருங்கைக்காய் விலையையும் பிள்ளைகளின் பரீட்சையையும் கதைத்துக் கதைத்து, ஒருநாள் பேச்சு பாட்டுப் பக்கம் திரும்பியது. அதன் விளைவுதான் இந்தத் தாள். எங்களிடம் சங்கம் இல்லை, தலைவர் இல்லை, போர்த்துவதற்குப் பொன்னாடையும் இல்லை. கேட்பதற்கு ஒன்று இருக்கிறது. வருகிற கோடையில் சில ஞாயிறு மாலைகளை எங்கள் ஊர்ப் பூங்காவில், எங்கள் நாட்டார் பாட்டுக்கும் கூத்துக்கும் மேளத்துக்கும் ஒதுக்கித் தாருங்கள்.

இந்த யோசனைக்குக் காரணமான அம்மாவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். எழுபதைத் தாண்டியவர், மட்டக்களப்புப் பக்கம். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரு மண்டபத்தில் நடந்த ஆண்டு விழாவில் அவருக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். மைக்கைக் கையில் கொடுத்ததும் அது கூவியது. யாரோ ஓடிவந்து சரிசெய்வதற்குள் இரண்டு நிமிடம் போய்விட்டது. மைக்கில் எப்படிப் பாடுவதென்று அவருக்குத் தெரியவில்லை. குரல் ஒரு நேரம் இடித்தது, ஒரு நேரம் காணாமல் போனது. இரண்டாவது பாட்டுக்கு அவர் வாயெடுக்குமுன் அறிவிப்பாளர் அடுத்த நிகழ்ச்சியைச் சொல்லிவிட்டார். அடுத்தது 'கிராமிய நடனம்'. பென்டிரைவில் இருந்து ஒரு சினிமாப் பாட்டு முழங்கியது.

பிறகொரு நாள் யீடிங் ஓடைக்கரை நடைபாதையில் வாங்கில் இருந்து அதே பாட்டை எங்கள் நாலு பேருக்கு அவர் பாடிக் காட்டினார். ஓடைச் சத்தமும் தூரத்து ரயில் சத்தமும் இருக்கத்தான் செய்தன. அவற்றின் மேலால் அவர் குரல் எந்தச் சிரமமும் இல்லாமல் போனது. நாயோடு நடந்து வந்த ஒரு வெள்ளைக்காரர் நின்று கேட்டுவிட்டுப் போனார். தவறு அந்த அம்மாவில் இல்லை என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அந்தப் பாட்டை நாங்கள் கொண்டுபோய் வைத்த இடம் பிழை.

யோசித்துப் பாருங்கள். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு கடற்கரையில் பிறந்தது. அரிவு வெட்டும்போது பாடியது வயலில், சூடு மிதிக்கும்போது பாடியது களத்தில். மலையகத்துக் காமன் கூத்துக்கு லயத்து முற்றமும் தெருவும் வேண்டும். தேயிலை மலையில் பாடப்பட்டவற்றை சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தேடித் தொகுத்து வைத்திராவிட்டால் அவற்றில் எத்தனை இன்று எங்கள் கைக்கு வந்திருக்கும்! இவை எதுவும் குளிரூட்டிய மண்டபத்தில் வரிசைக் கதிரைகளுக்கு முன்னால் பாடப்பட்டவை அல்ல. ஒரே குரல் வயல் முழுக்கக் கேட்க வேண்டியிருந்ததால்தானோ என்னவோ, அவற்றின் இராகம் அப்படி நீண்டு போகிறது.

கூத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல ஆசை. மட்டக்களப்பில் வடமோடியும் தென்மோடியும் ஆடப்பட்டது வட்டக்களரியில். நடுவில் களரி, சுற்றிவர ஊர். ஆடுகிறவருக்கு முதுகுப்பக்கம் என்று ஒன்றே கிடையாது, எல்லாப் பக்கமும் ஆட வேண்டும். அண்ணாவியார் மத்தளத்தோடு களரியிலேயே நிற்பார். இரவு தொடங்கினால் விடியும் வரை. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இந்தக் கூத்துகளைச் சுருக்கி, செம்மைப்படுத்தி, படச்சட்ட மேடைக்குக் கொண்டு வந்தார். 'இராவணேசன்' அப்படி வந்ததுதான்; இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பின்னாளில் அந்தக் கலையின் பெரிய அறிஞராகவே ஆனார். அன்றைக்கு அந்த மாற்றம் தேவைப்பட்டது. படித்தவர்கள் கூத்தை மதிக்கத் தொடங்கியதே அதனால்தான். ஆனால் வட்டம் பெட்டியாகிவிட்டது. அறுபது வருடத்துக்குப் பிறகு லண்டனில் இருக்கும் எங்களுக்குப் பெட்டி மட்டுமே தெரியும். பூங்காப் புல்வெளியில் வட்டத்தை மறுபடியும் போட்டுப் பார்க்கலாம். செலவே இல்லாத மாற்றம் இது.

இந்த நாட்டிலும் நாட்டார் பாட்டைத் தேடிய ஒருவரின் கதை ஒரு தோட்டத்தில்தான் தொடங்குகிறது. 1903இல் சோமர்செட்டில் ஹம்பிரிட்ஜ் என்ற கிராமத்துக்குப் போயிருந்த செசில் ஷார்ப், பாதிரியார் வீட்டுத் தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டே ஒருவர் பாடுவதைக் கேட்டார். பாடியவர் தோட்டக்காரர்; பெயர், நம்பினால் நம்புங்கள், ஜோன் இங்கிலாந்து. ஷார்ப் அதை அந்த இடத்திலேயே எழுதி எடுத்தார். ஆங்கில நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுக்கும் அவருடைய வாழ்நாள் வேலை அந்தப் புல்தரையில் ஆரம்பமானது. கேம்டனில் 1930இல் திறந்த, அவர் பெயரைக் கொண்ட இல்லம் இன்றும் அந்தப் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் தலைமையகமாக இருக்கிறது. எங்கள் வீடுகளிலும் ஜோன் இங்கிலாந்துகள் இருக்கிறார்கள், மேல்மாடி அறையில் தொலைக்காட்சிக்கு முன்னால். ஒரு ஷார்ப்பைத்தான் காணவில்லை.

நாட்டார் கலையைப் பூங்காவுக்குக் கொண்டு வருவது தமிழ்நாட்டிலும் நடத்திப் பார்த்த காரியம். 2007இல் சென்னை சங்கமம் என்ற கலைவிழா தொடங்கியபோது தப்பாட்டமும் கரகமும் ஒயிலாட்டமும் நகரத்துப் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் வந்தன. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் அப்படியே நின்று பார்த்தார்கள். இடையில் பல வருடம் நின்றுபோய், 2023 பொங்கலோடு அரசு அதை மறுபடி நடத்தத் தொடங்கியது. அவ்வளவு பெரிய ஏற்பாடு எங்களால் முடியாது, எங்களுக்கு அது வேண்டவும் வேண்டாம். அரசு கை வைத்தால் நடக்கும், கையெடுத்தால் நிற்கும் என்ற நிலையைவிட, முப்பது குடும்பம் பாயோடு வந்து உட்காருவது உறுதியானது என்பது எங்கள் எண்ணம்.

எங்களுக்குள் நடந்த ஒரு வாக்குவாதத்தையும் மறைக்க விரும்பவில்லை. பறை என்ற சொல் வந்ததும் ஒருவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அது செத்தவீட்டு மேளம் அல்லோ, பார்க்கில அடிக்கலாமோ?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு பேசினோம், நீண்ட நேரம். அந்தக் கேள்வி மேளத்தைப் பற்றியது அல்ல, அதை அடித்தவர்களைப் பற்றியது என்பது எல்லோருக்கும் தெரியும். சாவுக்கு அவர்களைக் கூப்பிட்டோம், வீட்டுக்குள் கூப்பிடவில்லை. ஊரைவிட்டு ஐயாயிரம் மைலுக்கு மேல் வந்த பிறகும் அந்தப் படலையைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறோம். பறையைத் தன் வாழ்க்கையாக்கிக்கொண்ட மதுரை வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே ஆண்டில் தெருக்கூத்துக்காகப் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும். விருது வந்ததால்தான் மதிக்கிறோம் என்றால் அதுவும் ஒருவகைச் சின்னத்தனம்தான். லண்டனில் பிறந்த பிள்ளைகள் சிலர் இன்று கூச்சமில்லாமல் பறை பழகுகிறார்கள். அவர்கள் எங்கள் வட்டத்துக்கு நடுவில் அடிப்பார்கள். கேள்வி கேட்ட ஐயாதான் அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவதாகப் பொறுப்பேற்றிருக்கிறார்.

சட்டம் இடம் கொடுக்குமா என்று பலர் கேட்டீர்கள். கொடுக்கிறது. 2012ஆம் ஆண்டின் நேரடி இசைச் சட்டத்துக்குப் பிறகு, ஒலிபெருக்கி இல்லாத நேரடி இசைக்குக் காலை 8 மணியிலிருந்து இரவு 11 மணி வரை இங்கிலாந்தில் எங்கும் கேளிக்கை உரிமம் தேவையில்லை. 500 பேருக்கு மேற்படாத கூட்டத்துக்கு முன்னால் இதே நேரத்துக்குள் ஆடவும் நடிக்கவும் உரிமம் வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டத்தில் இன்னொரு சுவையான விதி இருக்கிறது. ஆங்கிலேயரின் மொரிஸ் நடனத்துக்கும் 'அதையொத்த' நடனங்களுக்கும் அதில் தனி விலக்கு. காலில் சதங்கை, கையில் தடி, வட்டமாகச் சுற்றி ஆட்டம் என்றால், எங்கள் கோலாட்டம் எதையொத்தது என்று நீங்களே சொல்லுங்கள். பூங்கா கவுன்சிலுக்குச் சொந்தம் என்பதால் அவர்களின் அனுமதி மட்டும் வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை நாங்கள் எழுதுகிறோம். நீங்கள் அதில் ஒரு கையெழுத்துப் போட்டால் அது கனக்கும்.

ஆகவே மைக் இல்லை. இதில் எங்களுக்குப் பிடிவாதம் உண்டு. ஒலிபெருக்கி வந்தால் அதன் பின்னால் ஜெனரேட்டர் வரும், பின்னணி இசை வரும், சினிமாப் பாட்டு வரும், அக்கம்பக்கத்து முறைப்பாடும் வரும். மைக் இல்லாவிட்டால் கேட்க விரும்புகிறவர் கிட்ட வந்து இருப்பார். கதைக்க விரும்புகிறவர் மெல்லத் தள்ளிப் போவார். சினிமாப் பாட்டின் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. நாட்டார் பாடகி கொல்லங்குடி கருப்பாயி சினிமாவிலும் பாடியவர்தானே. ஆனால் சினிமாப் பாட்டுக்குக் காப்புரிமை உண்டு, கட்டணம் உண்டு, அதற்கென்று ஆயிரம் மேடைகளும் உண்டு. எழுதியவர் பெயர் தெரியாத பாட்டுக்கு இந்த ஒரு புல்வெளிதான்.

காசு விஷயம். நுழைவுச்சீட்டு கிடையாது. ஆனால் பாடுகிறவருக்கும் ஆடுகிறவருக்கும் சம்பளம் உண்டு, முதல் செலவே அதுதான். பிள்ளையின் அரங்கேற்றத்துக்கு மண்டபம், பக்கவாத்தியம், சாப்பாடு என்று மனம் கோணாமல் செலவழிக்கிறோம். நல்லதுதான், அந்தப் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகள். ஆனால் உடுக்கு அடிக்கத் தெரிந்த ஒரு பெரியவரைக் கூப்பிட்டால் 'சேவையாக' வரச் சொல்கிறோம். மேற்கு ஈலிங் கனக துர்க்கை அம்மன் தேருக்குக் கூடுகிற கூட்டத்தையும் அங்கே காவடிக்கும் மேளத்துக்கும் கிடைக்கிற வரவேற்பையும் பார்த்தவர்களுக்கு, எங்கள் சனத்திடம் மனம் இல்லை என்று சொல்ல வராது. பழக்கம்தான் இல்லை. ஒரு பெட்டி வைப்போம். இயன்றதைப் போடுங்கள், எவ்வளவு என்று ஒருவரும் பார்க்க மாட்டார்கள். மிஞ்சினால் அடுத்த மாலைக்கு.

ரெய்னர்ஸ் லேன் புதிதாக வருகிறவருக்கு இடம் விட்டுப் பழகிய ஊர். ரெய்னர் என்பவரின் பெயர்தான் ஊருக்கே வந்தது. 1906இல் வயல்களுக்கு நடுவே ஒரு சிறு நிறுத்தமாகத் தொடங்கியது ரயில் நிலையம். காற்று அடிக்கிற அடியில் ரயில்காரர்கள் அதற்கு 'நிமோனியா சந்தி' என்று பட்டம் வைத்தார்களாம். கம்பளிச் சட்டை ஒன்று கொண்டு வாருங்கள், ஜூன் மாதமென்றாலும். யானைத் தும்பிக்கை போல வளைந்த முகப்போடு 1936இல் எழுந்த சினிமாக் கொட்டகை இன்று பார்சி மக்களின் சொராஸ்திரிய மையம். குஜராத்திக்காரரின் கர்பாவுக்கும் ருமேனியரின் வட்ட ஆட்டத்துக்கும் ஐரிஷ்காரரின் பிடிலுக்கும் இந்த வட்டத்தில் இடம் இருக்கிறது. இந்தத் தாளைத் தமிழில் எழுதியிருக்கிறோம். பக்கத்து வீட்டுக்கு அதை வாயால் கொண்டுபோக வேண்டியது நீங்கள். "வந்து எங்கள் பாட்டைக் கேளுங்கள்" என்பதோடு "உங்கள் பாட்டையும் கொண்டு வாருங்கள்" என்றும் சொல்லுங்கள்.

உங்களிடம் நாங்கள் உண்மையில் கேட்பது ஒன்றுதான், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. இந்த வாரம் அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ போய், "சின்ன வயதில் என்ன பாட்டுக் கேட்டனீங்கள்?" என்று கேளுங்கள். முதலில் "எனக்கென்னத்தைத் தெரியும்" என்பார்கள். விடாமல் இருங்கள். தாலாட்டு வரலாம், ஊஞ்சல் பாட்டு வரலாம், யாரையோ திட்டுகிற ஒரு கும்மி வரலாம். ஒப்பாரி வந்தால் அழ விடுங்கள், போர்க்காலத்தில் பலருக்கு அழவே நேரம் இருக்கவில்லை. கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். அவர்கள் சம்மதித்தால் பூங்காவுக்கும் கூட்டி வாருங்கள். நடக்க முடியாதவர்களுக்கு முதுகு சாயும் கதிரையும், வாகனம் வைத்திருக்கும் எங்களில் ஒருவரும் தயார்.

மாலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடிப்போம். ஜூனில் ஒன்பது தாண்டியும் வெளிச்சம் இருக்கும், விளக்குக்கும் செலவில்லை. பிக்கடில்லி, மெட்ரோபொலிட்டன் இரண்டு ரயிலும் நிற்கிற ஊர் இது, ஆகவே காரை வீட்டிலேயே விடுங்கள். அயலவர் வாசலை மறித்து நிறுத்திய ஒரு கார் போதும், அடுத்த அனுமதி கிடைக்காமல் போக. வடை கொண்டு வருகிறவர்கள் காகிதத் தட்டைத் திருப்பி எடுத்துப் போகப் பை ஒன்றும் கொண்டு வாருங்கள். பூங்காவில் கழிப்பிட வசதி போதாது, சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் அதை நினைவில் வையுங்கள்.

பாடவோ ஆடவோ மேளம் அடிக்கவோ, பாய் விரிக்கவோ குப்பை பொறுக்கவோ முன்வருகிறவர்கள், இந்தத் தாளை உங்கள் கையில் தந்தவரிடமே பெயரைச் சொல்லுங்கள். தூறினால் குடை பிடித்துக்கொண்டு பாடுவோம். கொட்டினால் அடுத்த ஞாயிறு.

இப்படிக்கு,
ரெய்னர்ஸ் லேன் அயலவர் சிலர்