அரை மணி நேரத்தைக் கடக்க

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவர்களிடம், இலங்கையின் கிராமப்புற வைத்தியசாலைகளில் ஆய்வாளர்கள் கேட்டார்கள்: இதைப் பற்றி எவ்வளவு நேரம் யோசித்தீர்கள்? அரை மணி நேரம்கூட இல்லை என்று பாதிக்கு மேற்பட்டோர் பதில் சொன்னார்கள். மைக்கேல் எடில்ஸ்டன் குழுவினர் 2006இல் இதை வெளியிட்டார்கள். நாட்கணக்கில் திட்டமிட்டவர்கள் குறைவு. ஒரு சண்டை, ஒரு அவமானம், நெஞ்சு வெடிக்கிற மாதிரி ஒரு கொதிப்பு, அவ்வளவுதான்.

புத்தளம் மாவட்டத்தின் கனமூலையிலிருந்து கொழும்பு வீதியில் தெற்கே போனால் சிலாபத்துக்கு அப்பால் மாதம்பை. அங்கே தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் டொம் விட்ஜர், 2015இல் வெளிவந்த தன் நூலில் காட்டியதும் ஏறக்குறைய இதுதான். வீட்டுக்குள் மூளும் கோபமும் மனத்தாங்கலுமே அங்கே பெரும்பாலும் காரணமாக இருந்தன. மாதம்பையும் கனமூலையும் மொழியாலும் மதத்தாலும் வேறு ஊர்கள்தான். ஆனால் மாவட்டம் ஒன்று, வீடுகளுக்குள் இருக்கும் சூடும் ஒன்று.

இந்தக் கரையோரத்துப் பிள்ளைகள் சுமப்பது கொஞ்சமல்ல. உம்மா குவைத்திலோ சவூதியிலோ வேலைக்குப் போயிருக்க, உம்மும்மாவிடம் வளர்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு புத்தளத்துக்கு வந்த முஸ்லிம் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். 2022இன் பொருளாதார நெருக்கடியில் வாப்பாவின் தொழில் படுத்ததைக் கண்ணால் கண்டவர்கள் இருக்கிறார்கள். இதற்கு மேல் ஓ.எல். பரீட்சை, கையடக்கத் தொலைபேசி, காதல், ஊர்ப்பேச்சு. கட்டிளமைப் பருவத்தில் உணர்ச்சி எழும் வேகத்துக்கு அதை அடக்கும் மூளைப் பகுதி இன்னும் முதிர்ந்திருக்காது. அந்த முதிர்ச்சி வர இருபது வயதும் தாண்டும். பதினாறு வயதுப் பிள்ளை கதவை அறைந்து சாத்துவதைத் திமிர் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அது பெரும்பாலும் தாங்க முடியாமைதான்.

1995 வாக்கில் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. பயிர்களுக்கு அடிக்கும் கொடிய கிருமிநாசினிகள் தடை செய்யப்பட்ட பிறகு, பத்தாண்டுகளில் அது ஏறக்குறையப் பாதியானது. அந்தத் தடை காப்பாற்றிய உயிர்கள் ஆயிரக்கணக்கானவை. மனம் கொந்தளிப்பதை மட்டும் எந்த வர்த்தமானியாலும் தடை செய்ய முடியாது. அதைக் கடக்கக் கற்றுக்கொடுக்க முடியும்.

கற்றுக்கொடுக்க முடியும் என்று நிரூபித்தவர், அந்தக் கொந்தளிப்பில் தானே சிக்கியிருந்த ஒரு பெண். 1961இல், 17 வயதில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகர மனநல நிலையமொன்றில் மார்ஷா லினஹான் சேர்க்கப்பட்டார். தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டதால் தனியறையில் அடைக்கப்பட்டார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தார். பிறகு படித்து, சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, தன்னைப் போன்றவர்களுக்காக ஒரு சிகிச்சையை உருவாக்கினார். இயங்கியல் நடத்தைச் சிகிச்சை, சுருக்கமாக டி.பி.டி. அதன் கைநூல் 1993இல் வந்தது. தன் கதையை அவர் பகிரங்கமாகச் சொன்னது 2011இல்தான். அத்தனை காலம் அந்த வடுவை மறைத்து வைக்க வேண்டியிருந்தது என்பதே மனநோய் பற்றிய நம் எல்லோருடைய பார்வைக்கும் சாட்சி.

அந்தச் சிகிச்சையில் பிள்ளைக்கு உபதேசம் கிடையாது, பயிற்சி உண்டு. வந்திருப்பது கோபமா, வெட்கமா, பயமா என்று இனங்காணப் பழக்குகிறார்கள். சண்டை முற்றாமல் தன் தேவையைக் கேட்டுப் பெறப் பழக்குகிறார்கள். கொதிப்பு உச்சத்தில் இருக்கும் நேரத்துக்கென்றே ஒரு பாடம் உண்டு. குளிர்ந்த நீரில் சில விநாடிகள் மூச்சைப் பிடித்து முகத்தை அமிழ்த்தினால், உடலின் இயல்பான எதிர்வினையால் இதயத் துடிப்பு இறங்குகிறது. இதய நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. மற்றவர்களுக்கு, அந்த அரை மணி நேரத்தின் முதல் ஐந்து நிமிடம் இப்படிக் கடந்துவிடும். கோபம் வந்தால் நிற்பவர் உட்காரவும், தீராவிட்டால் படுக்கவும், வுழூச் செய்யவும் சொல்லும் நபிமொழிகளைக் கேட்டு வளர்ந்த ஊருக்கு இந்தப் பாடம் அந்நியமாகத் தோன்றாது.

அலெக் மில்லரும் ஜில் ராத்தஸும் இளையோருக்காக இதைத் திருத்தியமைத்தபோது பெற்றோரையும் வகுப்பில் உட்கார வைத்தார்கள். எங்கள் பார்வையில் இதுதான் முக்கியமான மாற்றம். பிள்ளை வாரத்தில் சில மணி நேரம் கற்பதை, மீதி நேரமெல்லாம் வீடு அழித்துவிடலாம். "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்று கேட்கும் வீட்டில் அழுகை நிற்காது, இன்னும் ஓங்கும். "மகள், உங்களுக்குச் சரியான கோபம் எண்டு விளங்குது. ஃபோனப் பத்தி நாளைக்குக் கதைப்பம்" என்று சொல்லும் உம்மா எதையும் விட்டுக்கொடுத்துவிடவில்லை. உணர்ச்சியை ஏற்றார், கட்டுப்பாட்டையும் வைத்துக்கொண்டார். ஒஸ்லோ நகரில் 77 பிள்ளைகளிடம் 19 வாரம் நடத்திய பரிசோதனையின் முடிவு 2014இல் வெளியானது. இந்தச் சிகிச்சை பெற்றவர்கள் தங்களைக் காயப்படுத்திக்கொள்வது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடக் குறைந்திருந்தது.

முழுமையான டி.பி.டிக்குத் தனிச் சந்திப்பு, குழு வகுப்பு, இடையே தொலைபேசி உதவி, பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் குழு எல்லாம் வேண்டும். கனமூலைக்கு நாளையே அது வந்துவிடாது. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. போர்க்காலத்திலேயே பேராசிரியர் தயா சோமசுந்தரமும் சகாக்களும் வடக்கில் ஆசிரியர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் தமிழில் உளநலப் பயிற்சி கொடுத்தார்கள். குண்டு விழும்போது முடிந்தது, இன்று புத்தளத்தில் ஏன் முடியாது? உளவளத்துணை ஆசிரியரை அந்த வேலைக்கே விடுங்கள், வெற்றிடப் பாடவேளைகளை நிரப்பும் ஆளாக்காதீர்கள். தமிழில் பேசும் உளவளத்துணையாளரைப் புத்தளம் வைத்தியசாலைகளுக்குத் தரும்படி சுகாதார அமைச்சைக் கேட்கிறோம். மனம் உடைந்த பிள்ளைக்குத் தன் வேதனையை இன்னொரு மொழியில் சொல்ல வராது.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் ஒரு வேண்டுகோள். தண்ணீர் ஓதிக் கொடுப்பதால் மனம் ஆறுதல் பெறுமானால் கொடுங்கள். கூடவே வைத்தியரிடமும் அனுப்புங்கள். ஜின் பிடித்தது, சூனியம் வைத்தார்கள் என்று மாதங்கள் கடத்தப்படும் பிள்ளைதான் கடைசியில் ஆபத்தான நிலையில் வந்து சேருகிறது. மனநல வைத்தியசாலையைச் சுட்டி "அங்கொடைக்கு அனுப்பணும்" என்ற கேலியையும் வீடுகளில் நிறுத்துவோம். தற்கொலை முயற்சி இந்நாட்டில் 1998 முதல் குற்றமில்லை. பொலிஸுக்குப் பயந்து யாரையும் வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள்.

உங்கள் பிள்ளையோ நீங்களோ இப்போது அந்தக் கொதிப்பில் இருந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தமிழிலும் பேசலாம், இரவு பகல் எந்நேரமும். சிறுவர்களுக்கு 1929 இருக்கிறது. பேசி முடிக்கும் வரை, பிள்ளையைத் தனியே விடாமல் பக்கத்தில் இருங்கள்.