விற்ற கடைக்கே திரும்பட்டும்

சென்ற மாதம் என் மேஜை இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது உயிர் போன செல்போன்கள் நான்கு கிடைத்தன. அவற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வாங்கிய கடைக்கே போனேன்.

"ஓடுகிற போனாயிருந்தால் எடுத்துக் கொள்வோம், ஸார். செத்தவற்றை நாங்கள் என்ன செய்வது?" என்றார் கடைக்காரர், வெகு மரியாதையாக. பொட்டலம் மறுபடியும் இழுப்பறைக்கே வந்து சேர்ந்தது.

அப்போது என் தாயாரின் ஞாபகம் வந்தது. பித்தளைக் குடம் ஓட்டையாகிவிட்டால் அதைப் பாத்திரக் கடைக்கு எடுத்துப் போவார். கடைக்காரர் நிறுத்து விலை போட்டுப் புதுக் குடத்தின் கிரயத்தில் கழித்துக் கொள்வார். பழைய பித்தளை உருகி மீண்டும் பாத்திரமாகும். 'சுழற்சிப் பொருளாதாரம்' என்று பண்டிதர்கள் இன்று சொல்வது இதைத்தான்.

செல்போனிலும் தாமிரம், வெள்ளி, தங்கம் எல்லாம் உண்டு. ஆயினும் 2022-ம் ஆண்டில் உலகம் கழித்துப் போட்ட 6.2 கோடி டன் மின்சாதனக் குப்பையில், முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது நூற்றுக்கு 22 பங்குக்குச் சற்று மேல்தான். எஞ்சியதில் ஒரு பகுதி டில்லி சீலாம்பூர் போன்ற இடங்களுக்குப் போகிறது. அங்கே ஏழைகள் அதை வெறுங் கையால் பிரித்துத் தாமிரம் எடுக்கிறார்கள்; நஞ்சையும் சுவாசிக்கிறார்கள்.

ஐரோப்பிய யூனியன் 2012-ல் ஒரு சட்டம் செய்தது. புதுச் சாதனம் விற்கும் கடைக்காரர் அதே இனத்துப் பழைய சாதனத்தை இலவசமாக ஏற்க வேண்டும். மின்சாதனங்களுக்கென 400 சதுர மீட்டரேனும் ஒதுக்கிய பெரிய கடைகள், 25 சென்டிமீட்டருக்கு உட்பட்ட சாமான்களை எதுவும் வாங்காதவரிடமிருந்தும் பெற வேண்டும். பிரான்ஸ் 2021-ல், ரிப்பேர் செய்வது எவ்வளவு சுலபம் என்று சாதனங்களுக்குப் பத்துக்கு இத்தனை என மதிப்பெண் போட்டுக் கடையிலேயே காட்டச் செய்தது. உபாத்தியாயனான எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருக்கிறது!

நம் நாட்டில் 2023 ஏப்ரல் 1 முதல் அமலிலுள்ள விதிகள் மறுசுழற்சிப் பொறுப்பை உற்பத்தியாளர் மீது வைக்கின்றன. நல்லதுதான். ஆனால் குடும்பஸ்தர்களாகிய நமக்கு உற்பத்தியாளர் முகம் தெரியுமா? தெரிந்தது கடைக்காரர் முகந்தானே! அவர் கடையில் ஒரு பெட்டி வைக்கட்டும். சேர்ந்ததைப் பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைக்கு அனுப்பட்டும். ரிப்பேரில் பிழைக்கக் கூடியதை, "பிழைக்கும்" என்று சொல்லட்டும்.

வியாபாரம் கெட்டுவிடுமா? பழைய குடத்தை ஏற்ற கடையை விட்டு என் தாயார் வேறு கடை ஏறியதில்லை. நேயர்களே, அடுத்த முறை வாங்கும்போது விலை கேட்பதற்கு முன், "பழையதை எடுத்துக் கொள்வீர்களா?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பெட்டி தானாக வரும்.