ஆறாம் நம்பர் பத்திரம்

நண்பருக்கு 63 வயது. பேங்க்கில் ரிட்டயர் ஆனவர். போன வருஷம் ரத்தப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். கீமோதெரபி முடிந்து ஆள் கொஞ்சம் தேறியதும் டாக்டர், ''ஸ்டெம் செல் மாத்திடலாம். கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?'' என்றார்.

நண்பர் விட்டத்தைப் பார்த்தார். ''மூணு பேர் இருக்காங்க டாக்டர். அதுல ஒருத்தனோட பேச்சுவார்த்தை கிடையாது.''

காரணம் ஊரில் ஒரு கிணறு. தண்ணீரே இல்லாத கிணறு. பதினோரு வருஷமாகத் தம்பியோடு கேஸ்!

''63 வயசுல இதெல்லாம் தாங்குமா?'' என்று கேட்டேன். முன்பெல்லாம் தாங்காது. பழைய குடித்தனக்காரனைக் காலி பண்ண வீட்டையே இடிக்கிற வைத்தியம் அது. எலும்பு மஜ்ஜையை மருந்தாலும் கதிர்வீச்சாலும் ஒட்டுமொத்தமாக அழித்துவிட்டுப் புதுசை ஏற்றுவார்கள். இப்போது அறுபது தாண்டியவர்களுக்கு மருந்தின் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கிறார்கள். புதுக் குடித்தனக்காரர் உள்ளே வர இடம் கிடைத்தால் போதும். மிச்சம் மீதி புற்று செல்களை அவரே அடித்து விரட்டிவிடுவார்.

அந்தப் புதியவர் பொருந்த வேண்டுமே! அதற்கான பத்திரம் நம் ஆறாம் நம்பர் குரோமோசோமில் இருக்கிறது. எச்.எல்.ஏ. என்று பெயர். அப்பாவிடமிருந்து ஒரு பாதி, அம்மாவிடமிருந்து ஒரு பாதி. ஆகவே ஒரு உடன்பிறப்பு முழுசாகப் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மூணு பேர் இருந்தால் 75 சதவிகிதம் என்று கணக்குப் போடாதீர்கள். சுமார் 58தான்!

அக்கா பொருந்தவில்லை. தங்கை பாதி. அக்கா போனில் அழுததால் தம்பியும் வந்து, யாரிடமும் பேசாமல் ரத்தம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். பொருந்தியது அவர்தான், முழுசாக.

''அவன்கிட்ட கையேந்தறதா? வெளியில ஆள் பாருங்க டாக்டர்'' என்றார் நண்பர்.

வெளியிலும் ஆள் உண்டு. லண்டனில் ஷெர்லி நோலன் என்ற தாய், தன் மகன் ஆன்டனிக்காக 1974-ல் முன்பின் தெரியாத கொடையாளிகளின் பதிவேட்டைத் தொடங்கினார். பையன் பிழைக்கவில்லை. 1979-ல் போய்விட்டான். பதிவேடு நிலைத்தது. சென்னையில் 2009-ல் 'தாத்ரி' வந்தது. இன்று உலகம் முழுக்க நாலு கோடிப் பேருக்கு மேல் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் இந்தியர்கள் குறைவு. நம் பொருத்தமோ பெரும்பாலும் நம் ஜனங்களிடம்தான் கிடைக்கும்.

''அறுபது வயசுத் தம்பியைவிட இருபத்தஞ்சு வயசு அந்நியன் தேவலையா டாக்டர்?'' இது நான்.

நல்ல கேள்விதான் என்று அவரே ஒப்புக்கொண்டார். முழுசாகப் பொருந்தினால், பிழைத்து இருப்பவர்களின் கணக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகிறதாம். ஆனால் வந்த செல்கள் நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்குகிற தொல்லை அந்நியரிடமிருந்து வாங்கினால் அதிகம். தேடிப் பிடிக்க வாரக்கணக்கில் ஆகும், செலவும் ஜாஸ்தி. நோய் அதுவரை காத்திருக்குமா? ''தம்பி நல்ல ஆரோக்கியமா இருக்கார். அவரையே கூப்பிடுங்க'' என்று ஃபைலை மூடிவிட்டார்.

நண்பர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூணாம் நாள் அவரே போன் போட்டார்.

தம்பி வந்தார். நாலைந்து நாள் ஊசி, இடுப்பெலும்பில் வலி. அப்புறம் மெஷின் பக்கத்தில் நாலு மணி நேரம். ''கிணறு கேஸ் தனி. அதுல மாத்தமில்லை'' என்று மட்டும் சொன்னாராம்.

ஆறு மாசம் ஆகிறது. 'ஓ' குரூப்பாக இருந்த நண்பர் இப்போது தம்பியின் 'பி' குரூப். கையெல்லாம் லேசாகத் தடிப்பு. வந்த செல்கள் வம்பு பண்ணுகின்றனவாம். இப்படிக் கொஞ்சம் வம்பு பண்ணினால் புற்று செல்களையும் விடாது என்று டாக்டருக்கு உள்ளூரச் சந்தோஷம்.

நண்பர் கையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: ''அவன் செல்லு சார். என்னோட சண்டை போடாம இருக்குமா?''