ஒரு தடுப்பூசிக்கு 54 ஆண்டுகளா?

மலேரியா என்றதும் நம் நினைவுக்கு வருபவர் ரொனால்டு ராஸ். 1897-ஆம் ஆண்டு சிகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றைக் கீறிப் பார்த்து, அங்கே மலேரியாக் கிருமியைக் கண்டவர் அவர். தேர்வுக்கும் அவர் பெயரைத்தான் மனப்பாடம் செய்கிறோம். ஆனால் ரூத் நுசென்ஸ்வைக் என்னும் அம்மையாரின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? வாயில் எளிதில் நுழையாத பெயர்தான். எனினும் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர்.

1928-இல் வியன்னா நகரில் யூத மருத்துவர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் ரூத். ஹிட்லரின் ஆட்சிக்கு அஞ்சி அக்குடும்பம் 1939-இல் பிரேசிலுக்கு ஓடியது. சாவோ பாலோவில் மருத்துவ மாணவியாக இருந்தபோதே அவர் ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார். வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்து இருக்கிறதே, அந்த ஜென்ஷியன் வயலட்டைத் தானம் பெற்ற இரத்தத்தில் கலந்தால், அதிலுள்ள சாகாஸ் நோய்க் கிருமி மடியும் என்று அவரும், பின்னாளில் அவர் கணவரான விக்டரும் காட்டினர்.

பின்னர் நியூயார்க் சென்ற ரூத் எடுத்துக்கொண்டது மலேரியா. மலேரியாவுக்குத் தடுப்பூசி ஆகாத காரியம் என்று பலர் எண்ணிய காலம் அது. அதற்குக் காரணமும் உண்டு. தட்டம்மை ஒருமுறை வந்தால் மறுமுறை பெரும்பாலும் வராது. மலேரியாவோ வந்தவருக்கே மீண்டும் மீண்டும் வரும். பலமுறை நோய்ப்பட்டுத் தேறிய ஆப்பிரிக்கப் பெரியவர்களுக்கு உயிர் தப்பும் அளவுக்கு எதிர்ப்பாற்றல் உண்டாகிறது. அவர்களும் சில ஆண்டுகள் வேறு நாட்டில் வாழ்ந்தால் அது குறைந்துவிடும். கிருமியின் தந்திரம் அப்படி! கொசு கடித்து இரத்தத்தில் கலந்ததும், ஏறத்தாழ அரை மணிக்குள் அது கல்லீரலுக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளும். அங்கே உருமாறி, ஆயிரக்கணக்கில் பெருகி, பிறகு சிவப்பணுக்களைத் தாக்கும். பிடிக்க வேண்டுமானால் அந்த அரை மணியில் பிடிக்க வேண்டும்.

ரூத் அதைத்தான் செய்தார். கொசுவிலிருந்து எடுத்த கிருமிகளை எக்ஸ் கதிரால் வலுவிழக்கச் செய்து எலிகளுக்கு ஊசி போட்டார். பின்னர் வலுவுள்ள கிருமிகளைச் செலுத்தியபோதும் பல எலிகளுக்கு நோய் காணவில்லை. இது வெளியானது 1967-இல். அக்கிருமியின் மேலுறையிலுள்ள ஒரு புரதமே எதிர்ப்பாற்றலைத் தூண்டுகிறது என்பதையும் அவரது ஆய்வுக்குழு பின்னர் கண்டது. அப்புரதத்தின் ஒரு பகுதியை வைத்தே முதல் மலேரியாத் தடுப்பூசி உருவாயிற்று. உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது 2021 அக்டோபரில்.

54 ஆண்டுகள்! இத்தாமதத்தைக் கிருமியின் தந்திரத்தின் மேலேயே போட்டுவிட நமக்கு மனம் வரவில்லை. 2019-இன் இறுதியில் தோன்றிய கொரோனாவுக்கு 2020 டிசம்பரிலேயே தடுப்பூசி வந்ததே! கொரோனா வைரஸுக்கு மரபணுக்கள் ஒரு சிலவே, மலேரியாக் கிருமிக்கு 5,000-க்கும் மேல் என்று விஞ்ஞானம் படித்தோர் சொல்வர். நியாயந்தான். ஆனால் மலேரியாத் தடுப்பூசி வேலையை 1980-களில் ஒரு மருந்துக் கம்பெனியுடன் சேர்ந்து செய்தது அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சிக் கூடம். அதன் கவலை வெப்ப நாடுகளுக்குப் போகும் வீரர்களைப் பற்றியது. ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் சோதிக்க, 2001-க்குப் பின் அறக்கட்டளைப் பணம் வர வேண்டியிருந்தது. 2015-இல் பெருஞ்சோதனையின் இறுதி முடிவுகள் வெளியாகியும், கானா, கென்யா, மலாவி நாடுகளில் முன்னோட்டமாகக் கொடுக்கத் தொடங்கியது 2019-இல்தான். பணக்கார நாட்டுப் பிள்ளைகள் இப்படி மடிந்திருந்தால் உலகம் இத்தனை பொறுமை காட்டியிருக்குமா?

இத்தடுப்பூசி நான்கு ஆண்டுகளில் நோயை 36 விழுக்காடுதான் குறைத்தது என்று உதட்டைப் பிதுக்குவோர் உண்டு. நாம் அவர்களோடு உடன்படவில்லை. 2023-இல் மட்டும் மலேரியாவால் ஏறத்தாழ 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில் ஐந்து வயதுகூட நிரம்பாத குழந்தைகள். முன்னோட்டம் நடந்த மூன்று நாடுகளிலும் தடுப்பூசி கிடைத்த வட்டாரங்களில், அந்த வயதுக் குழந்தைகளின் மொத்த இறப்பே 13 விழுக்காடு குறைந்தது. அக்குழந்தைகளின் தாய்மாரிடம் போய் இது சிறிது என்று யார் சொல்வது?

2023-இல் இரண்டாவது தடுப்பூசியும் பரிந்துரை பெற்றது. ஆக்ஸ்போர்டில் உருவான அது புனேயில் தயாராகிறது. அதிலும் இருப்பது ரூத் ஆராய்ந்த அதே புரதத்தின் பகுதிதான். அவர் 2018 ஏப்ரலில் மறைந்தார். முன்னோட்டத்தின் முதல் ஊசி மலாவியில் ஒரு குழந்தைக்குப் போடப்பட்டது அடுத்த ஆண்டு ஏப்ரலில்.