கண் பிள்ளையா, காது பிள்ளையா?

"உங்க பையன் கண்ணால பார்த்துப் படிக்கிற ரகம். அதுக்கேத்த பாடம் செல்போன்லயே வரும்" என்று சொல்லி ஆன்லைன் படிப்புக்குப் பணம் கேட்கிறார்கள்.

காரைக்குடி கல்லுக்கட்டிக் கடைக்காரர் முதல் ஆபீஸ் குமாஸ்தா வரை, கையைக் கடித்தாலும் பிள்ளை படிப்புக்குக் கணக்குப் பார்ப்பதில்லை. அதுதான் வியாபாரிகளுக்கு வசதி!

ரகம் பார்த்து நடத்தினால் படிப்பு நன்றாக ஏறும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. ஆராய்ச்சிகளை அலசிய அமெரிக்க மனோதத்துவ நிபுணர்கள் 4 பேர் 2008-லேயே இதைச் சொல்லிவிட்டார்கள். பூகோளத்துக்கு மேப் வேண்டும். சங்கீதத்துக்குக் காது வேண்டும். எந்தப் பிள்ளையானாலும் இதுதான்.

அப்படியானால் பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசமே இல்லையா? உண்டு. 5-ம் வகுப்புக்கு வந்தும் சிலருக்குக் கடன் வாங்கிக் கழிக்க வராது. கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்ததில் இந்தக் குறை பெருகியது. தமிழக அரசு 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், 1 முதல் 3-ம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது. யார் எதுவரை கற்றிருக்கிறார் என்பதே அங்கே அளவு.

பணம் கேட்டு வருகிறவரிடம், "எம்பிள்ளை எந்தக் கணக்குல தடுக்கி நிக்கிறான்? அங்கேருந்து சொல்லித் தருவீங்களா?" என்று பெற்றோர் கேட்கட்டும். மறுபடியும் ரகம் பேசினால், பர்சை எடுக்க வேண்டாம்.